இன்னும் சாகாததற்கு மன்னிப்புக் கேட்ட மெசின் அண்ணன்

தான் உயிரோடு இருப்பதற்காக மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் மலேசியாவில், ஈப்போவில், எங்கள் தாமான் குடியிருப்பில் புல் வெட்டுகிறார்.

பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. ரப்பர் தோட்டம் விற்றுப்போனதும் புல்வெட்டும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அன்றிலிருந்து மெசின் அண்ணன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மெசின் சத்தத்துக்குக் காது பழகிப்போய், அவர் ரகசியம் சொன்னால்கூட மூன்று தெருவுக்குக் கேட்கும்.

நான் எங்கள் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவன். அதனால்தான் இந்த விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

பத்து காஜா ஊருக்குப் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அண்ணன் அங்கே புல் வெட்டப் போனால், இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சோறு போடாமல் அனுப்ப மாட்டார். அங்கிருந்த ஒரே வேன் பெரியவர்களைவிடக் கிழடு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதி வழியில் நின்று இருமும். உள்ளே இருப்பவர்களும் கூடச் சேர்ந்து இருமுவார்கள்.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்துக் காலத்தில் எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி ஒன்று வைத்திருந்தார். தான் போனபிறகு அந்தப் பணத்தில் இல்லத்துக்குப் புது வேன் வாங்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஏஜெண்ட் பொண்ணு ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டு, "உறவுமுறை என்னண்ணே போடறது?" என்று கேட்டிருக்கிறது.

"சோறு போட்டவங்கன்னு போடும்மா."

அதோடு விட்டாரா? வேன் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படிச் சாகாமல் சுற்றிக்கொண்டிருந்தால் அது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒரு குழப்பம் அவரைப் பிடித்துக்கொண்டது. மாதா மாதம் பிஸ்கட் டின்னோடு இல்லத்து வாசலில் போய் நிற்பார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த மாசமும் ஒன்னும் ஆவல."

"ஐயோ அண்ணே, உங்கள யாரு கேட்டா?"

"நீங்க கேக்க மாட்டீங்க, உங்க குணம் அப்படி. டாக்டர பாத்துட்டுதான் வாரேன். பிரஷர் நல்லா இருக்காம். நான் என்ன லா செய்யறது?"

பெரியவர்களுக்கோ அவர்மேல் உயிர். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு வந்து அவர் பேரில் ஆயுள் நீடிக்க அர்ச்சனை வைத்தார்கள். சீட்டில் பேர், 'மெசின்'. நட்சத்திரம் போடும் இடம் காலி. குருக்கள் "மெசின் நாமதேயஸ்ய" என்று கணீரென்று சொன்னபோது அம்மனே ஒரு கணம் திரும்பிப் பார்த்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. தோளில் மெசினோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, யாரு என் ஆயுசுக்குச் சீட்டு எடுத்தது?"

"இல்லத்துப் பெரியவங்கதான்."

"கேன்சல் பண்ணுங்க."

"அர்ச்சனைய எப்படிண்ணே கேன்சல் பண்றது? சாமி காதுல விழுந்துருச்சு லா."

"அப்ப வேன்? இவங்க இப்படியே வேண்டிக்கிட்டு இருந்தா நான் எப்பப் போறது, வேன் எப்ப வர்றது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இல்லத்துத் தாத்தா ஒருவர் கைத்தடியைத் தரையில் தட்டினார். "டேய், நீ போய்ட்டா புல்ல வேன் வந்து வெட்டுமா? பேசாம விபூதிய பூசு!"

எனக்குத்தான் தலை சுற்றியது. அண்ணன் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டால் பெரியவர்களுக்கு வேன் வராது. வேன் வேண்டும் என்று கேட்டால், நான் அம்மனிடம் என்ன கேட்கிறேன்? இத்தனை வருஷமாகச் சாமி கும்பிடுகிறேன், வேண்டுவதற்குப் பயந்தது அன்றைக்குத்தான். "தாயே, உனக்கே தெரியும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே வேன் அடியோடு படுத்துவிட்டது. அன்றைக்கு ஆறு பேருக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயிண்ட்மெண்ட். அண்ணன் புல் ஏற்றும் லோரியைக் கழுவி, என்னிடம் கோயில் நாற்காலி ஆறு கேட்டு வாங்கி, கயிற்றால் கட்டினார். பெரியவர்கள் தேரில் சாமி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று நானும் ஏறிக்கொண்டேன். லோரி சைக்கிள் வேகத்தில் போனது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அண்ணன் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கத்துவார்.

"எல்லாரும் உசுரோட இருக்கீங்களா?"

"நாங்க இருக்கோம்! நீ இருக்கியா?" என்று கைத்தடித் தாத்தா கேட்டார்.

"இருக்கேன் லா!"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை மன்னிப்புக் கேட்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார். தோளில் மெசின் இல்லை. சத்தமும் இல்லை.

"தம்பி, ஆயுசுக்கு ஒரு சீட்டு போடுங்க. புது வேன் வர்ற வரைக்கும் போதும்."

அவர் போனால்தானே வேன் வரும்? அவர் சொல்வது எனக்கு இன்றுவரை புரியவில்லை. சீட்டில் பேரை எழுதினேன். "நட்சத்திரம் என்னண்ணே?"

"யாருக்குத் தெரியும்? தோட்டத்துல அதெல்லாம் யாரு எழுதி வச்சா?"

காலியாக இருந்த அந்த இடத்தில் என் நட்சத்திரத்தை எழுதிக் கொடுத்தேன். அம்மன் ஆள் மாறி என் ஆயுசில் கொஞ்சத்தை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.