நரகத்தில் இடம் கேட்ட பூட்டுக்காரர்

"எங்க முப்பாட்டன் திருடன்தாங்க. நான் சொல்றேன், போதாதா?"

"போதாதே ஆல்வாரோ. திருடன்னு யாரு வேணா சொல்லிக்கலாம். ஆதாரம் வேணும்ல?" வக்கீல் தெபால்தி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். "எங்க ஆளு ரெண்டு கொலை பண்ணவரு. பேரோட இருக்கு. எந்த வரின்னு காட்டவா?"

காட்டவே வேண்டாம். கஸ்தெல்ஃபோஸ்கோவில் அது எல்லோருக்கும் தெரியும். எழுநூறு வருடத்துக்கு முன்னால், புளோரன்ஸ் நகரம் விரட்டிவிட்ட கவிஞர் ஒருவர் ஊர் ஊராக அலைந்தபடி நரகத்தைப் பாடினார். பிடிக்காதவர்களை எல்லாம் பேர் சொல்லி அதில் தள்ளினார். இந்த ஊரில் இருந்து மட்டும் பதினொரு பேர். அன்றைக்கு அது அவமானம். இன்றைக்குப் பதினொரு வீட்டு வாசலிலும் அந்த வரிகளைப் பொறித்த சலவைக்கல். ஐஸ்கிரீம் கடையில் மிளகாய் போட்ட சாக்லேட்டுக்கு, அந்த நரகத்தின் அடுக்கு ஒன்றின் பேரான 'ஏழாம் வட்டம்' என்று பெயர். கால்பந்து அணியின் சட்டையில் கவிஞரின் நீண்ட மூக்கு.

ஒவ்வொரு செப்டம்பரிலும் மணிக்கூண்டின் கீழே காவியத்தை வாசிப்பார்கள். அந்தந்தப் பாவியின் வரிகளை அந்தந்த வீட்டார் வாசிப்பதுதான் முறை. பூட்டுக்காரர் ஆல்வாரோ கசீனி முப்பது வருடமாக அங்கே நாற்காலி போடுகிறார். காவியம் முழுக்க மனப்பாடம். சாவி ராவும்போது அதன் தாளத்திலேயே ராவுவார். ஆனால் அதில் கசீனி என்ற பேர் இல்லை. ஒரே ஒரு தடவை அந்த மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

"நரகத்துல திருடனுங்களைப் பாம்பு கடிக்கற எடத்துல பேரில்லாதவனுங்களும் இருக்காங்களே. அதுல ஒருத்தரு எங்காளு," என்றார்.

அந்தக் காப்பி பாரில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் வினை.

மறுநாளே எதிர்வீட்டு நீவெஸ் அம்மாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பூட்டுக்காரரை வரவழைத்தாள்.

"என்னம்மா இது? உங்க வீட்டு மாத்துச் சாவி இருபது வருஷமா எங்கிட்டதானே இருக்கு?"

"அதனாலதாம்பா பூட்டை மாத்துறேன்."

"வக்கீல் வீட்ல ரெண்டு கொலை. அவருகிட்ட மட்டும் வீட்டுப் பத்திரத்தைக் குடுத்து வெச்சிருக்கீங்க!"

"கொலைங்கறது ஏதோ கோவத்துல நடக்கறது. திருட்டு ரத்தத்துல ஓடும்."

ஒரு வாரம் கடைப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. மனைவி லோரெதானா பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, வேற ஏதாச்சும் பாவத்துக்கு மாத்துங்களேன். தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாத பாவமா."

மாற்றினார். "நல்லா விசாரிச்சுப் பாத்தேன். திருடன் இல்லையாம். பெருந்தீனிக்காரராம்," என்று பாரில் அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் விருந்தில் காட்டுப்பன்றிக் குழம்பு பரிமாறிய கசாப்புக்காரர் நெல்லோ, ஆல்வாரோவின் தட்டில் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

"என்ன நெல்லோ, அவ்வளவுதானா?"

"கோவிச்சுக்காதண்ணே. குடும்ப வியாதியாச்சே. மத்தவங்களுக்கும் வேணும்ல?"

மேசையே சிரித்தது. வக்கீல், "அடுத்த வாரம் என்ன பாவம்ப்பா?" என்றார். ஆல்வாரோவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில், நரகத்தில்கூட நமக்கு ஒரு மூலை கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார். சிரிக்கவேண்டிய நினைப்புதான். சிரிப்புதான் வரவில்லை.

திங்கட்கிழமை நகராட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போனார். அங்கே வேலை பார்க்கும் ஜினேவ்ராதான் வாசிப்பவர்களின் பட்டியலையும் எழுதுகிறவள். இரண்டு மணி நேரம் தேடி ஒரு தோல் ஏட்டை எடுத்தாள்.

"இந்தாங்க, கசீனி! பக்கத்துலயே சிறைன்னும் இருக்கு. கையெழுத்து மோசம், அதுவும் லத்தீன். புதன்கிழமை வாங்க, முழுசா படிச்சு வெக்கறேன்."

புதன்கிழமை ஆல்வாரோ மனைவியையும் வக்கீலையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தக் காலத்துக் குற்றவாளின்னு ருசுவானா வாசிக்கறவங்க பட்டியல்ல உன் பேரைச் சேத்துடலாம்," என்றார் வக்கீல், பெரிய மனது பண்ணி.

"கடவுளே, கொலையா இருக்கட்டும். திருட்டு மட்டும் வேணாம்," என்று லோரெதானா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜினேவ்ரா அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகப் படித்தாள்.

"குற்றம், புளோரன்ஸ் விரட்டின ஆளை மூணு நாள் வீட்ல ஒளிச்சு வெச்சு, ரொட்டியும் கீரை சூப்பும் குடுத்தது. ஆளோட அடையாளம், நீளமான மூக்கு. சாப்பிடும்போதுகூட எழுதிக்கிட்டே இருப்பான். தண்டனை, நாப்பது நாள் சிறை."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆல்வாரோ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ கசீனியோட வாக்குமூலம் இருக்கு," என்று ஜினேவ்ரா தொடர்ந்தாள். "'பசிக்குதுன்னான், போட்டேன். போறப்ப, உன்னைப் பத்தி எழுதறேன்னான். நான் புள்ளகுட்டிக்காரன், எம்பேரை மட்டும் எங்கயும் எழுதிடாதப்பான்னு கேட்டுக்கிட்டேன்.'"

அவள் வாசிப்பவர்களின் பட்டியலைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"அந்தக் கவிஞர் கடைசிவரைக்கும் கசீனின்னு எழுதலைங்க. இப்ப நான் எழுதட்டுமா? சொல்லுங்க."