நாற்பத்தொரு சாம்பல் கிண்ணங்கள்

"பொண்ணோட அப்பா எங்க வேலை பாத்தார்னு சொன்னே?" சுதர்ஜோ மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"புஸ்பாசாரி ஹோட்டல்ல. முப்பது வருஷம் காவலுக்குத் தலைவரா இருந்தவராம்," என்றாள் அவர் மனைவி மூர்னி.

சுதர்ஜோ திரும்பி அலமாரியைப் பார்த்தார். மலாங் ஊரில் பழைய புகையிலைச் சாமான் சேர்ப்பவர்களிடையே அவருக்கு ஒரு பெயர் உண்டு. டச்சுக்காரன் காலத்துச் சுருட்டுப் பெட்டி, கொம்பில் கடைந்த புகைக்குழாய், பித்தளைப் பொடி டப்பி என்று கூடத்து அலமாரி நிறைய வைத்திருந்தார். இத்தனைக்கும் ஒரு சிகரெட்கூடப் பிடித்தவரில்லை. எல்லாம் விலைக்கு வாங்கியவை, நடு அடுக்கைத் தவிர. அங்கே தாமரை முத்திரை போட்ட நாற்பத்தொரு பீங்கான் சாம்பல் கிண்ணங்கள் இருந்தன. புஸ்பாசாரியில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், திரும்பும்போது ஞாபகார்த்தமாக ஒன்று அவர் பைக்குள் வந்துவிடும்.

மகன் பாயு, பெண் வீட்டாரை அழைத்துவரத் தெருமுனைக்குப் போயிருந்தான்.

சுதர்ஜோ அலமாரிமேல் வெள்ளைப் போர்வையைப் போர்த்தினார்.

"பொணத்த மூடி வச்ச மாதிரி இருக்கு மாஸ். நல்ல காரியம் பேச வர்றாங்க," என்றாள் மூர்னி. கணவரை அவள் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

போர்வையை உருவிவிட்டு, கிண்ணங்களை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். அரிசி பொங்கித் தரையில் கொட்டியது. அதில் மூர்னி வழுக்க, கையிலிருந்த சட்னிக் கிண்ணங்கள் ஆறும் சிதறின.

"போச்சா? இனிமே சாத்தேக்கு வேர்க்கடலைச் சாந்த எதுல ஊத்துவேன், உங்க தலையிலயா?"

சுதர்ஜோ கிண்ணங்களைத் தோண்டியெடுத்து சோபா மெத்தைகளுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தபோதே வாசலில் செருமல் கேட்டது.

காக்கிச் சட்டை, கத்தை மீசை, கையில் பழக்கூடை. காவல் தலைவரேதான் என்று சுதர்ஜோ முடிவுகட்டினார்.

"வாங்க பாக், உள்ள வாங்க," என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு வரவேற்ற மூர்னி கூடையை வாங்கிக்கொண்டு, அவரை நேராக சோபாவில் உட்காரவைத்தாள்.

'கிளிங்' என்றது சோபா.

வந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கேயும் 'கிளிங்'.

"ஸ்பிரிங் பழசு," என்றார் சுதர்ஜோ.

மூர்னி, குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே இறைச்சித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் வேர்க்கடலைச் சாந்து. அது இருந்ததோ, அரிசிக்குள் விடுபட்டுப்போன ஒரு தாமரை முத்திரைக் கிண்ணத்தில்.

வந்தவர் சாத்தேயைத் தோய்த்தார். கிண்ணத்தைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சுதர்ஜோ உடைந்துபோனார். வந்தவரை எழுப்பிவிட்டு மெத்தைகளை இழுத்து, கிண்ணங்கள் அத்தனையையும் தரையில் பரப்பினார். "உங்க கையில இருக்கறதோட நாப்பத்தொண்ணு பாக். எல்லாம் உங்க ஹோட்டல்ல நான் சுட்டது. போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க. என் புத்தி கெட்டதுக்கு என் பையன் என்ன பண்ணுவான்? கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க." கண்ணீர் வழிய, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நான் வாடகைக் கார் டிரைவர் பாக். பழக்கூடையக் குடுத்துட்டு வரச் சொல்லிட்டு பொண்ணு வீட்டுக்காரங்க உங்க பையனோட மசூதிக்குத் தொழப் போயிருக்காங்க, வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். எங்க ஒளிக்கணும்னு சொல்லுங்க, நானும் ஒரு கை குடுக்கறேன்."