மாமியார் சால்வையும் என் வெளிச்சக் கணக்கும்

"இனி இந்த வீட்டுக்குள் எந்த ஸ்டூடியோக்காரரும் கால் வைக்கக் கூடாது!"

புதுக் கேமரா வாங்கிய கையோடு இப்படி முழங்கிவிட்டேன். மனைவி "சரிங்க" என்றாள். அவள் ஒரே சொல்லில் சம்மதித்தால் எனக்குச் சந்தேகம் வரும். அன்றும் வந்தது.

பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மச்சானுக்குச் சாயங்காலம் விமானம். அதற்குள் மொத்தக் குடும்பமும் ஒரே படத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் நான் விழுவேன்.

எல்லோரையும் ஹாலில் நிறுத்தினேன். எதையாவது பார்த்துத்தானே வெளிச்சத்தை அளக்க வேண்டும்? நடுநாயகமாக மாமியார். அவர் போர்த்தியிருந்த கருப்புச் சால்வையைப் பார்த்து அளந்தேன். இருட்டைக் கண்ட கேமரா, வெளிச்சம் போதாது, இன்னும் விடு என்றது. விட்டேன். தாராளமாக விட்டேன்.

"பிரமாதம்! எல்லாரும் கலையலாம்!"

படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், சால்வை நூல் நூலாகத் தெரிகிறது. சுற்றிலும் ஒரே வெள்ளை. மாமனாரின் சாயம் பூசிய மீசை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஹாலில் மச்சான் பெட்டியைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்லையே!"

"படம் எப்படி?"

"பளிச்சுனு இருக்கு!"

"அண்ணன் சிரிக்கிறாரா?"

"அது... சரியாத் தெரியலை."

"கண்ணு தொறந்திருக்கா?"

"அதுவும் தெரியலை."

"மூஞ்சியாவது தெரியுதா?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"கேமராவை ஏன் முதுகுக்குப் பின்னாடி வெச்சிருக்கீங்க?"

"இதெல்லாம் ஒளி சமாச்சாரம். உனக்குப் புரியாது."

"அதான் ஒளிக்கிறீங்களாக்கும்!"

வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை. "எங்கம்மா சால்வை நல்லா வந்திருக்கு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

"கெடுத்துட்டேன்மா. உங்கண்ணன் இனி எப்ப வருவாரோ! பேசாம அந்த ஸ்டூடியோக்காரரையே கூப்பிட்டிருக்கலாம்."

"இப்பக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடேன்! கால்ல விழுந்தாவது வரச் சொல்லு!"

அவள் போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"அண்ணே, உள்ள வாங்க. அவரே கூப்பிடச் சொல்லிட்டாரு!"

மாடிப்படியில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரர் எழுந்து வந்தார். காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறாராம். ஜன்னல் திரையை விலக்கினார், எல்லோரையும் அதன் பக்கம் திருப்பினார், கேமராவுக்குள் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."