மாடி ஏறாத டெலஸ்கோப்

வாய் இருக்கிறதே என்று பேசிவிடக் கூடாது. நம்மவர் பேசிவிட்டார்.

சகலை புதுசாகச் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி. வாங்கியிருந்தார். சாப்பிட வந்த இடத்தில் உட்கார்ந்து அதன் பெருமையையே அளந்துகொண்டிருந்தார். நம்மவருக்குப் பொறுக்கவில்லை. "டி.வி. என்ன சகல, வெறும் பெட்டி. நான் டெலஸ்கோப் வாங்கப் போறேன். தினமும் ராத்திரி மாடியில உக்காந்து நட்சத்திரம் பாக்கப் போறேன்" என்று அடித்துவிட்டார். சகலை டி.வி. பேச்சை விட்டுவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். வெற்றிதான். ஆனால் பக்கத்தில் மனைவியின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்ததும்தான் நம்மவருக்குத் தான் மாட்டிக்கொண்டது புரிந்தது.

ஏனென்றால் அவருக்கு இருட்டு என்றால் பயம். கொஞ்சநஞ்சம் இல்லை, தொடை நடுங்கும் பயம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் தீ, வெள்ளம், திருட்டு என்று ஊரார் ஆபத்தையெல்லாம் அலசித் தள்ளுகிற மனுஷன், பொழுது சாய்ந்தபின் மொட்டை மாடிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அங்கே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆள் யாரும் தொடாமலே களக், களக் என்று எதையோ விழுங்கும். காய்ந்த துணியை எடுத்துவரச் சொன்னால் நம்மவருக்கு முழங்கால் வலி வந்துவிடும். கல்யாணமான நாளாக இப்படித்தான் ரகசியம் காப்பாற்றப்பட்டு வருகிறது. அது சகலைக்கு மட்டும் தெரிந்துவிட்டால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

மனைவியோ வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போன் எடுப்பவள். "நான் ஒண்ணுமே பண்ணல மேடம், அதுவா நின்னு போச்சு" என்பதை நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய காது. அந்தக் காதிலும் பூச்சுற்ற முடியும் என்று நம்மவர் நம்பினார். டெலஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பது, வாங்காமலே இருப்பது. இதுதான் திட்டம்.

"ஏங்க, டெலஸ்கோப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அவசரப்படக் கூடாதும்மா. லென்ஸ் வச்சது வாங்கினா நிலாவைச் சுத்தி ஊதாக் கலர் அடிக்குமாம்."

"அப்ப கண்ணாடி வச்சது வாங்குங்க."

"அது அப்பப்ப கோணிக்குமாம். திருகித் திருகி நேராக்கணும்."

"சின்னதா ஒண்ணு?"

"ஸ்டாண்ட் ஆடும். நாம மூச்சு விட்டா நிலா குதிக்கும்."

"பைனாகுலர் போதுமே? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அதான் நல்லதுங்கறாங்க."

"அண்ணாந்தே பாத்தா கழுத்து வலிக்கும்."

"முழங்காலோட கழுத்தும் சேந்துக்கிச்சா?" என்றவள் சிரிக்கவே இல்லை. "சனிக்கிழமை கடைக்குப் போறோம்."

போனார்கள். நம்மவர் பலியாடு மாதிரி பின்னால் நடந்தார். கடைக்காரர் நல்ல மனிதர். "முதமுதலா வாங்கறீங்க சார். தூக்கச் சுலபமா ஒண்ணு எடுத்துக்குங்க. பெருசுக்கு ஆசைப்பட்டவங்க ஒரு தடவைக்கு மேல வெளியில எடுத்ததே இல்ல" என்றார்.

நம்மவர் காதில் தேன் பாய்ந்தது. "இருக்கறதுலயே பெருசு எது?"

கடைக்காரர் மூலையில் நின்ற ஒரு பீப்பாயைக் காட்டினார். "அதுவா? அதைத் தூக்கி மாடி ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடும் சார்."

"அதான் வேணும்!"

மனைவி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த இரண்டு சொல் வந்தால் ஓடிவிட வேண்டும் என்று நம்மவர் கற்றிருக்க வேண்டாமா? சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

பீப்பாய் வீட்டுக்கு வந்து ஹாலை அடைத்துக்கொண்டது. நம்மவர் அதைத் தடவிக்கொடுத்து உச்சுக்கொட்டினார். "அடடா, நம்ம மாடிப்படி குறுகலாச்சேம்மா. என்ன பண்றது, கொடுத்துவைக்கல."

"அதான் அக்காவையும் அத்தானையும் வரச் சொல்லிட்டேன். குழாய் தனி, அடிப்பெட்டி தனின்னு ரெண்டாக் கழட்டிடலாமாம். கடைக்காரர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சரின்னேன்."

அந்தி மங்குவதற்குள் சகலை சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். பீப்பாய் மாடி ஏறியது. அதே நேரம் முழங்கால் வலியும் வந்தது.

"ஐயோ, படி ஏற முடியாதே! நீங்கல்லாம் பாருங்க."

"பாவம், நீங்க சோபாவுல படுத்துக்குங்க" என்றாள் மனைவி. குரலில் அப்படி ஒரு கனிவு. நம்மவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். "கண்ணு இருட்டுக்குப் பழகினாத்தான் வானம் தெரியுமாம். வீட்டு வெளிச்சம் ஒரு பொட்டு மேல வரக் கூடாது. மெயினை அணைச்சுட்டுப் போறேன்."

"மெ... மெயினையா?"

"படுத்திருக்கறவருக்கு லைட் எதுக்கு?"

டக்.

இருட்டு. ஃபிரிட்ஜின் முனகல்கூட நின்றுபோனது. நம்மவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அங்கேயும் இருட்டுதான் இருந்தது. செல்போன் உள்ளறையில் சார்ஜில் கிடக்கிறது. உள்ளறைக்கு யார் போவது? சமையலறையில் ஏதோ சொட்டியது. சொட்டியதா, நடந்ததா? நெஞ்சு அடித்துக்கொள்வது யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. திரை அசைந்து காலில் பட்டது.

அவ்வளவுதான். எப்படி எழுந்தார், எந்தக் காலால் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. இரண்டிரண்டு படியாகத் தாவினார். தொட்டி களக் என்றது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு முதலில் அகப்பட்ட கையைப் பிடித்தார். அது சகலையின் கை.

மூச்சு வாங்கியபடி மெல்லக் கண்ணைத் திறந்தார். மாடி முழுக்க நிலா கொட்டிக் கிடந்தது. கொடிக்கயிறு, துணிக் கிளிப், சகலையின் மீசை ஓரத்துச் சிரிப்பு, எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. மனைவி டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏண்டி," என்றாள் அக்கா, "நிலா இப்படிப் பட்டப்பகலாக் காயுது. இதைப் பாக்கவா வீட்டு மெயினை அணைச்சே?"

"நிலாவுக்கா அணைச்சேன்?" என்றாள் அவள். "அத்தான், அவர் உங்க கையை விட்டதும் கீழ போய் மெயினைப் போட்டுடுங்க."