சூப்புக்குக் கழித்த முப்பத்திரண்டரை ரூபாய்

2011 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.50. திருப்பதியில் மேகமூட்டம், காற்றில்லை, புழுக்கம். என் தம்பி நடத்தும் தாய்லாந்து சாப்பாட்டுக் கடைக்குள் அப்போதுதான் நுழைந்தேன். வெளியே வந்தபோது 2.05. எழுபத்தைந்து நிமிடத்தில் ஒரு மனிதனால் இவ்வளவு கெடுக்க முடியுமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தம்பி முனிரத்தினம் 1993-இல் பாங்காக்குக்கு ஓட்டல் வேலைக்குப் போனான். ஏஜெண்டுக்குப் பணம் கட்டப் எங்கள் ஊர் பாலசமுத்திரத்து நிலத்தில் தன் பங்கை விற்க வேண்டியிருந்தது. அண்ணனாக நான் போட வேண்டிய கையெழுத்தை நூற்றுப் பதினோரு நாள் தள்ளிப்போட்டேன். (உருப்பட மாட்டான் என்பது என் கணிப்பு.) பிறகு பதினெட்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. அங்கேயே மாலி என்ற பெண்ணைக் கட்டி, ஒரு மகளும் பிறந்து, மூவருமாகத் திரும்பி வந்து, திருச்சானூர் சாலையில் ஒரு வீட்டின் கீழ்க்கூடத்தில் கடை போட்டார்கள். குடித்தனம் மாடியில். ஒருநாள் அவனே போன் செய்தான்.

"அண்ணா, ஞாயித்துக்கெழம அண்ணிய இட்டுக்கினு கடையாண்ட வா. துன்னலாம்."

வீட்டுக்கு வா என்று அவன் சொல்லவில்லை. போகும் வழியில் புத்தூரில் பஸ் மாறும்போதும் எனக்கு அதே நினைப்பு.

நான் முப்பத்தொரு வருடம் மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுத்தவன். கடை வாசலிலும் கண் முதலில் மீட்டருக்குத்தான் போனது: 4,218 யூனிட். உள்ளே நான்கு மேசை, பதினாறு நாற்காலி. எங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மேசைமேல் விலை அட்டை இருந்தது. எனக்கு அது போதும்.

முனிரத்தினமே பரிமாறினான். சூப்பு இரண்டு, 130. இறால் நூடுல்ஸ், 120. எலுமிச்சை பிழிந்த முழு மீன், 220. ஒவ்வொரு தட்டு வரும்போதும் எனக்குப் பசி குறைந்துகொண்டே போனது. பதினெட்டு வருடக் கோபத்தையும் பில்லாகப் போட்டுத் தீர்க்கிறான் என்றே நினைத்தேன். என் மனைவி சரோஜா மூன்றாவது இறாலை எடுத்தபோது மேசைக்கடியில் காலால் தட்டினேன்.

"இன்னாத்துக்குங்க கால ஒதைக்கிறீங்க?" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எறா நல்லா கீது, துன்னுங்க."

மாலி ஓடிவந்தாள். கணவனிடம் கற்ற தமிழ், அச்சு அசல் பாலசமுத்திரம். "இன்னா மாமா, ஒண்ணுமே துன்னல? காரமா கீதா?"

"காலையிலயே துன்னுட்டு வந்துட்டேம்மா" என்றேன். (காலையில் குடித்தது அரை டம்ளர் காபி.) அப்படியும் கோழிக் குழம்பு 140, சோறு மூன்று 105 வந்து இறங்கின.

சாப்பிட்டு முடிந்ததும் எண்ணி வைத்திருந்த நோட்டுகளை மேசைமேல் வைத்தேன். "மொத்தம் எழுநூத்திப் பதினஞ்சு. என் சூப்பு பாதி அப்படியே கீதுடா. அதுக்கு முப்பத்திரண்டு அம்பது கழிச்சி, அறநூத்தி எண்பத்திரண்டு அம்பது. இதுல அறநூத்தித் தொண்ணூறு கீது."

மாலி தன் கணவனைப் பார்த்தாள். அவன் நோட்டுகளை எடுத்தான், எண்ணினான், கல்லாவுக்குப் போனான். ஏழு ரூபாய் ஐம்பது பைசாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"சரியா கீதா பாத்துக்கோங்க, சார்."

சரோஜா பஸ் நிலையம் வந்த பிறகுதான் சொன்னாள்: "நமக்காவ கடைக்கே லீவு வுட்டுக்கிறாங்க. மாலி சொல்லிச்சி. வாசல்ல அட்ட தொங்கிச்சே, பாக்கல? மேல சின்ன ரூமாம், நாம உக்கார தோதா இருக்காதுன்னு கீழ வெச்சாங்களாம்."

மீட்டருக்கு நேர் கீழே அட்டை தொங்கியிருக்கிறது. தெலுங்கில், பெரிய எழுத்தில்.

அதற்குப்பின் முனிரத்தினம் போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். சூப்பு 65, சோறு 35. சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அதில் மிதந்த புல் தண்டையும் மென்று விழுங்கினேன். (அது வாசனைக்குப் போட்டது, ஒதுக்கிவிட வேண்டும் என்று ஐந்தாவது ஞாயிறுதான் மாலி சொன்னாள்.) அவன் அடுப்பங்கரையை விட்டு வரவே இல்லை. அவன் மகள் மீனா பில்லை வைப்பாள், நான் பணத்தை வைப்பேன். இப்படிப் பதினோரு ஞாயிறு.

நவம்பர் 6, பன்னிரண்டாவது ஞாயிறு. நல்ல மழை. பில் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை ஒன்பது அடி. அறுபத்தோரு வயதில், சோறு தின்றுவிட்டு ஓடுகிறவனாக, அந்த ஒன்பது அடியையும் எண்ணி நடந்தேன். செருப்பை மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. கையில் கரண்டியோடு முனிரத்தினம்.

"துட்டு?"

மூன்று மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"குடுக்க மாட்டேன்டா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "தம்பி வூட்ல துன்னுட்டு எவன்டா துட்டு குடுப்பான்?"

அவன் கரண்டியைத் தாழ்த்தி, வெளியே மழையைப் பார்த்தான்.

"கொட இல்லாம எங்கண்ணா போற? மேல போயி உக்காரு. கடைய சாத்திட்டு வரேன்."

இன்றும் மீனா எனக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளங்கையை நீட்டுவாள்: "பெரிப்பா, பில்லு?" வீடே சிரிக்கும். போன வருடம் அவள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு ஞாயிறு, கூடவே அந்த முதல் நாள். சாப்பாடு, பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து, கடைசியாகக் கொடுக்காத நூறு ரூபாய் நீங்கலாக: ரூ. 3,126.50.