ஊசி போடாத கைக்கு ஒத்தடம்

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான் ஊசிக்குப் பயந்தவன். (பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வருகிற நாளில் எனக்கு மட்டும் எப்படியோ கல்விக் கந்தோரில் அலுவல் வந்துவிடும்.)

சில வருடங்களுக்கு முன் என் பாதங்கள் மரத்துப்போயின. செருப்பு கழன்றாலும் தெரியாது. எங்கள் ஊர் தர்மபுரத்தில் பாதிப்பேர் என் செருப்பைப் பின்னால் தூக்கிக்கொண்டு வந்து தந்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்:

“பி12 விற்றமின் குறைஞ்சு போச்சு, ஐயா. உங்கட வயிறு அதை உறிஞ்சுதில்லை. குளிசை சரிவராது, ஊசிதான். பிந்தினா உணர்ச்சி திரும்பாமலும் போகலாம்.”

ஓம் என்று தலையாட்டினேன். திரும்பும் வழியில் பரந்தனில் இறங்கி, விற்றமின் குளிசைப் போத்தல் ஒன்று வாங்கினேன். வாயால் போனாலும் விற்றமின் விற்றமின்தானே என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன். (குடல் எப்படி உறிஞ்சுகிறது என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவனும் நான்தான்.)

பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசிக்கென்று வெளிக்கிடுவேன். சந்தியில் தேநீர் குடித்து, மேற்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரும்புவேன். பின்னேரத்தில் என் மனைவி மகேஸ்வரி அந்தக் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள்.

“நோகுதோ அப்பா?”

“கொஞ்சம்.”

என் கால் சுகப்பட வேண்டுமென்று அவள் வெள்ளிக்கிழமை விரதமும் பிடித்தாள்.

அந்த முறை கோயில் திருவிழாவில், சுவாமிக்குப் பின்னால் முதல் ஆளாக உள்வீதி சுற்றினேன். சரக், சரக் என்று ஒரு சத்தம் கூடவே வந்தது. எனக்குள் இருந்த ஆசிரியர் விழித்துவிட்டார். திரும்பி நின்று அதட்டினேன்:

“ஆரது கோயிலுக்குள்ள செருப்போட? அறிவில்லையோ?”

எல்லோரும் கீழே பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வயற்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“மாஸ்டர், அது உங்கட வலது கால்.”

வாசலில் இடதைக் கழற்றும்போது யாரோ கூப்பிட்டதில் வலதை மறந்திருக்கிறேன். காலும் எனக்குச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மகேஸ்வரி அழுதாள். வெட்கத்தில் என்றுதான் நினைத்தேன்.

“இவ்வளவு ஊசி போட்டும் கால் உணரேல்லையே! அந்த டொக்டர் என்ன மருந்து தந்தவர்? நாளைக்கே போய் அவரை ரெண்டு கேள்வி கேக்கிறன், பாருங்கோ.”

ஒரு பிழையும் செய்யாத மனிதர் ஏச்சு வாங்கப் போகிறார். கோயில் கிணற்றடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையிலிருந்த பிளாஸ்டரை ஒரே இழுவையில் பிடுங்கினாள். (இந்தக் கதையில் எனக்கு உண்மையாக நொந்தது அதுதான்.)

அடுத்த நாளே முதல் ஊசிக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஊசி எறும்புக்கடி அளவுதான். மெல்ல மெல்லக் கால்கள் உணரத் தொடங்கின. வலது பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தபடி. பிந்தியது நான்தான், வைத்தியர் அல்ல.

இப்போது மாதம் ஒரு ஊசி. முதல் மாத ஊசி போட்டு வந்த அன்று, கையைத் தடவிக்கொண்டு, அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தேன்.

“மகேஸ், ஒத்தடம்?”

“அதெல்லாம் முன்னமே தந்து முடிச்சிட்டனப்பா” என்றாள்.

இன்றும் அதே பதில்தான்.