பொலிஸ்காரனைத் திட்டிய கதை

எனக்கு நோர்வேஜிய மொழியில் கோபப்படத் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அந்த மொழியில் நன்றி சொல்வேன், மன்னிப்புக் கேட்பேன், பனி கூடிப்போயிற்று என்று அலுத்துக்கொள்வேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்வதால், மாத்திரை விழுங்க மறுக்கும் தொண்ணூறு வயதுக்காரரைக் கெஞ்சிக் கொஞ்சி வழிக்குக் கொண்டுவரவும் தெரியும். கோபம் மட்டும் தமிழில்தான் வரும். இதை ஒரு திறமை என்று நம்பி ஒரு சினிமா இயக்குநர் என்னைத் தேடி வந்தார். (தேடி வந்தார் என்பது கொஞ்சம் அதிகம். ‘தமிழ் பேசும் நடுத்தர வயதுப் பெண் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து என் மகள் ஆரணிதான் என் படத்தை அனுப்பியிருந்தாள்.)

இயக்குநரின் பெயர் சில்யா. எடுத்தது ஒரு குற்றப் படம். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் தாங்கள் கைப்பற்றும் போதைப்பொருளைத் தாங்களே விற்கிறார்கள். பிடிபடாமல் இருக்கப் பழியை வெளிநாட்டுப் பிள்ளைகளின் தலையில் போடுகிறார்கள். அப்படி மாட்டிக்கொள்ளும் ஒரு தமிழ்ப் பையனின் தாய் நான். எனக்கு ஒரே ஒரு காட்சி. மகனை விலங்கிட்டு இழுத்துக்கொண்டு போகும்போது மாடிப்படியில் மறித்து நின்று பொலிஸ்காரனைத் தமிழில் திட்ட வேண்டும்.

நான் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய வருடம் ஒரு கடை வாசலில், காவலுக்கு நின்றவர் நான்கு சிநேகிதிகளுக்குள் ஆரணியை மட்டும் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார். பக்கத்தில் நான் நின்றேன். பைக்குள் ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவர் தலையாட்டினார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று விழுங்கியதை இந்தப் படத்தில் துப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

வசனத்தை என் கணவர் எழுதினார். இங்குள்ள தமிழர் விழாக்களில் கவிதை வாசிப்பவர் அவர். மைக் கிடைத்தால் பிறகு அதை அவரிடமிருந்து வாங்குவது கஷ்டம். ஒரு வாரம் இருந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். ‘ஏ காவலனே, உன் தொப்பியில் இருப்பது சின்னமா, சின்னத்தனமா?’ என்று தொடங்கும். ஆரணி அதை நோர்வேஜிய மொழியில் மாற்றி, படத்தின் அடியில் எழுத்தாகப் போடுவதற்காக சில்யாவிடம் கொடுத்தாள். சில்யாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். என் கணவர் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் முப்பது பேருக்காவது சொன்னார்.

படப்பிடிப்பு ட்வெய்ட்டாவில், எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி நடந்தது. பொலிஸ்காரனாக நடித்தவர் லார்ஸ். ஆறரை அடி. பார்த்தால் பயமாக இருக்கும், பழகினால் பாவமாக இருக்கும். எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். நான் எல்லோருக்குமாகப் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸில் ஐந்தைத் தின்றுவிட்டு, அம்மாவின் கையைப்போலவே உங்கள் கையும் என்றார். இந்த மனிதனை எப்படித் திட்டுவது?

பதினொரு தடவை எடுத்தார்கள். பதினொரு தடவையும் நான் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு, சின்னமா சின்னத்தனமா என்று ஒப்புவித்தேன். கடைசியில் சில்யா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“லார்ஸை மறந்துவிடுங்கள். எழுதியதையும் மறந்துவிடுங்கள். உங்களை உண்மையாகவே கோபப்படுத்திய ஓர் ஆளை அந்த இடத்தில் நிறுத்துங்கள். தமிழில் என்ன வருகிறதோ அது வரட்டும்.”

கடைக் காவலரை நிறுத்தத்தான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் முகம் ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தில் தானாக வந்து நின்றவர் என் கணவரின் மூத்த அக்கா, ரொம்மனில் இருக்கும் சுகந்தி மச்சாள்.

அதற்குக் காரணம் ஆரணியின் சாமத்திய வீடு (மஞ்சள் நீராட்டு என்பவர்களுக்கும் அதேதான்). நான் நீலச் சேலை கட்டப்போகிறேன் என்று மச்சாளிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவர் அதே நீலத்தில் வந்து இறங்கினார். பிறகு ஆல்பம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படம். புரட்டப் புரட்ட மகளும் மச்சாளும், மகளும் மச்சாளும். நான் இருந்தது ஒன்பது படத்தில். அதிலும் ஒன்றில் முதுகு. மூன்று வருடமாக நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பன்னிரண்டாவது தடவை பேசினேன்.

படிக்கட்டில் நின்று, லார்ஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாமல் சொன்னேன். நிறுத்தியபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஒலிவாங்கி பிடித்தவர் மூக்கைச் சிந்தினார். லார்ஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியவில்லை. சில்யா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகிற பெண்ணிடம் இது சேலை விஷயம் என்று எப்படிச் சொல்வேன்? மற்றப் பதினொன்றில் ஏதாவது ஒன்றைத்தான் போடுவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

“என்ரை வசனத்தைச் சொன்னீரே?” என்று கணவர் கேட்டார்.

“ஓம்,” என்றேன். (பதினொரு தடவை சொன்னது உண்மைதானே.)

அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நடித்தவர்களின் குடும்பங்களுக்காகப் படத்தை முதலில் போட்டுக் காட்டினார்கள். எனக்கு நான்கு அழைப்பு. போதாது என்று மச்சாள் தானே அலுவலகத்துக்கு எழுதி இன்னும் பதினைந்து வாங்கிவிட்டார். அன்று பனிச் சப்பாத்தோடு வந்து, வாசலில் வைத்துப் பையிலிருந்து குதிச் செருப்பை எடுத்து மாற்றிக்கொண்டு, சொந்தக்காரர் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார். எனக்குப் பக்கத்தில் அவர். “வசனம் என்ரை தம்பி” என்று முன் வரிசை வெள்ளைக்காரருக்கும் சொன்னார். உடனே என் கணவர் எழுந்து நின்று தலைகுனிந்து வணக்கம் வைத்தார்.

நாற்பதாவது நிமிடத்தில் படிக்கட்டு வந்தது. திரை முழுவதும் என் முகம்.

“வெக்கமில்லையோ உனக்கு?” என்று கத்தினேன். அடியில், ‘உங்களுக்கு வெட்கமில்லையா?’ என்று எழுத்து ஓடியது. சரியாகத்தான் இருந்தது. கணவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய முதல் வரி இல்லை.

“பெத்தது நானோ நீயோ?” என்றேன். எழுத்து: ‘நான் ஒரு தாய்.’

“இருநூற்றிப் பன்னிரண்டு படம். எல்லாத்திலையும் இளிச்சுக்கொண்டு நிக்கிறாய்.” எழுத்து: ‘எங்கள் பிள்ளைகளை எத்தனை தடவை மறிப்பீர்கள்?’

“அதே நீலக் கலர். சொல்லச் சொல்ல அதே கலரிலை கட்டினனி.” எழுத்து: ‘எங்கள் நிறம்தான் குற்றமா?’ (தமிழ் தெரியாமல் படத்தைத் தொகுத்தவர் ‘கலர்’ என்ற சொல்லைக் கேட்டு, ஆரணி மாற்றிக் கொடுத்த என் கணவரின் வரியை அச்சொட்டாக அங்கே பொருத்தியிருக்கிறார். கெட்டிக்காரர்.)

முன் வரிசைகளில் விம்மல் கேட்டது. எங்கள் வரிசையில் யாரோ ஒருவரிடமிருந்து குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். பதினேழு பேரும் குலுங்கினார்கள். கதிரைகள் குலுங்கின. ஆரணி தன் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். முன்னாலிருந்த வெள்ளைக்காரர்கள் ஈரக் கண்களோடு திரும்பி, ஒரு தாயின் கதறலுக்குச் சிரிக்கும் இந்த இரக்கமற்ற கூட்டத்தைப் பார்த்தார்கள்.

கணவர் அக்காவின் பக்கம் குனிந்து, “அக்கா, சத்தியமா இது நான் எழுதினதில்லை,” என்றார்.

மச்சாள் அசையவில்லை. திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று. நான் கதிரையில் சரிந்து சரிந்து, கடைசியில் கழுத்தால் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொலிஸ்காரர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளிச்சம் வந்ததும் சில்யா எங்களை நோக்கி ஓடிவந்தார். முகம் வெளுத்துவிட்டது. “நாங்கள் ஏதாவது பிழையாகக் காட்டிவிட்டோமா? உங்கள் ஆட்களைப் புண்படுத்திவிட்டோமா? ஏன் சிரித்தார்கள்?”

இப்படி ஒரு படத்தை எடுத்துவிட்டு அதே ஆட்களை அவமதித்துவிட்டோமோ என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு. எங்களுக்குள் நல்ல நோர்வேஜிய மொழி மச்சாளுடையதுதான். எல்லோரும் அவரைப் பார்த்தோம். ஒரு வசனம் போதும், நான் முடிந்தேன்.

மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக அந்த மொழியில் சொன்னார்: “துக்கம் தாங்க முடியாமல் போனால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாள்.”

சில்யா மச்சாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். (பிறகு ஒரு பேட்டியில், தமிழரின் துக்கம் பற்றி இதை அப்படியே சொன்னார். இனித் திருத்த முடியாது.)

திரும்பி வரும் ரயிலில் மச்சாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் பட்டாளம் எதிர்ப்பக்கத்தில் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது.

“அண்டைக்குச் சாமத்திய வீட்டிலை படம் எடுக்கேக்கை நீர் எங்கை நிண்டனீர்?” என்றார்.

“சாப்பாட்டுப் பக்கம். சோறு போதாமப் போகுமெண்டு பயம், மச்சாள்.”

“மூண்டு தரம் ஆள் விட்டனான். நீர் வரேல்லை. பிள்ளை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை தனிய நிண்டு அழப் பாத்தவள். அதுதான் நான் போய்ப் பக்கத்திலை நிண்டனான். பிறகு அவள் என்ரை கையை விடேல்லை.”

எதிரே ஆரணி மெதுவாகத் தலையாட்டினாள். நான்கு வருடம் நான் அந்த ஆல்பத்தில் மச்சாளின் பல்லைத்தான் பார்த்திருக்கிறேன். கையைப் பார்க்கவில்லை. இருந்தாலும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

“அப்ப நீலச் சீலை?”

மச்சாள் பையைத் திறந்து குதிச் செருப்பை ஒருமுறை சரிசெய்து வைத்தார்.

“அது வேணுமெண்டுதான் கட்டினனான்,” என்றார். “உம்மடையை விட என்ரை நீலம் நல்ல நீலம்.”

முதலில் சிரித்தது நானா அவரா தெரியாது. ட்வெய்ட்டாவில் இறங்க மறந்து, எல்லோருமாகக் கடைசி நிலையம்வரை போய்த் திரும்பினோம்.

இப்போது அந்தப் படத்தை வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். மச்சாள் வீட்டுக்கு யார் வந்தாலும், கனடாவிலிருந்து வந்தாலும் ஊரிலிருந்து வந்தாலும், தேத்தண்ணீரோடு அந்தக் காட்சியும் கட்டாயம். லார்ஸின் ஆறரை அடியும், அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கும் நானும் வருகிற இடத்தில் படத்தை நிறுத்துவார். விருந்தாளியின் பக்கம் திரும்பி, பெருமை பொங்கக் கேட்பார்:

“இந்தப் பொலிஸ்காரன் ஆரெண்டு தெரியுமே? நான்தான்.”